அத்தைக்காகப் பூட்டிய பின் அச்சு

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் எல்லைப் போராட்டக் காலத்துப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. யார் வீட்டுக்குப் போலீஸ் வந்தது, யாருடைய மாமனார் எத்தனை நாள் லாக்கப்பில் இருந்தார், யார் சத்தமில்லாமல் கட்சி மாறினார் என்று உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. என் முறை வரும்போது நான் ஒரு காரின் அடிப்பாகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன். உடனே யாராவது காப்பி போட எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன். காப்பி குடித்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. எங்கள் வீடு கொல்லயிலில், தனுவச்சபுரம் போகிற பாதையோரம். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அப்பாவின் வண்டிப்பட்டறை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் ஓடிய மாட்டு வண்டிகளில் பாதிக்கு அச்சும் சக்கரமும் அப்பா போட்டதுதான் என்று அப்பாவே சொல்லுவார். மீதிப் பாதியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தேங்காய்ச் சிரட்டைக் கரி கனல்கிற வாசனை காலையில் எங்கள் போர்வைக்குள் வந்துதான் எங்களை எழுப்பும். நான் எதற்கு அடியிலும் குனிந்து பார்க்கிற பிள்ளை. ஒரு வண்டி வந்து நின்றால் மாட்டைப் பார்க்கமாட்டேன். வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு அச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஆணி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். பெண்பிள்ளை மண்ணில் மல்லாந்து கிடப்பதை அம்மா ஒரு நாளும் மன்னித்ததில்லை.

மலையாளச் சீமையில் இருந்த எங்கள் ஊர்ப்பக்கம் யாரோடு சேர்வது என்பதுதான் அந்தப் போராட்டம். அப்பா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கட்சி. அம்மாவின் தம்பி, என் மாமா, இருக்கிற இடத்தில் இருந்தால் போதும் என்ற கட்சி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுவார்கள். வாசல்படி இறங்கியதும் சண்டை ஆரம்பிக்கும். தமிழுக்காக உயிரையும் கொடுப்பேன் என்கிற அப்பாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் மலையாளம்தான் வரும். மாமா அப்போது பதிலுக்குச் சுத்தமான தமிழில் பேசி அவரை இன்னும் எரிச்சலூட்டுவார்.

மாமா மலையோர எஸ்டேட் ஒன்றில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை மாமா தலையில் கட்டிவிட்டார். அது என்னைவிடப் பல வருஷம் மூத்த சீமைக் கார். மேலே துணிக் கூரை, பக்கத்தில் நீளமான மிதிபலகை, ஓட்டுகிறவர் கைக்கு எட்டும்படி ரப்பர் உருண்டை வைத்த ஹாரன். அந்த உருண்டையை அமுக்கினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சத்தம் வரும். அந்த ஹாரன் பிறகு எந்த வீட்டுப் பரணில் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எடுத்தவர் யாராவது இதைப் படித்தால் திருப்பிக் கொடுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இனி அத்தை. அப்பாவின் தங்கை. அப்போது முப்பது வயசு கடந்திருந்தாள். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் வலது கால் மெலிந்துபோய், கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். வாத்தியார் டிரெயினிங் பாஸானவள். தமிழும் மலையாளமும் அச்சடித்தது போல எழுதுவாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அப்பா அதை வாங்கி, அவளிடம் காட்டாமலேயே, உடல்நிலை காரணமாக வர இயலாது என்று பதில் எழுதிப் போட்டுவிட்டார். தபால்காரர் வாய்தவறிக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு மாசம் அப்பாவுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. தங்கச்சி தூரத்தில் தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தவர். அது அன்பு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம், நானும்தான்.

இரண்டாவது உத்தரவு வந்தபோது அத்தை ஏமாறவில்லை. மாதக்கணக்கில் தினமும் தபால் நேரத்துக்கு ரோட்டோரத்தில் போய் நின்று, தன் கையாலேயே வாங்கினாள். ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி. வருகிற மாசம் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அவள் வயசுக்கு அதற்குமேல் ஒரு உத்தரவு வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நிமிராமலேயே சொன்னாள். "இந்த மட்டம் நா போறேன். தவழ்ந்து போவணும்னாலும் போறேன்."

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "போ. ஆனா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வீட்டுக்கு வரணும். வாரதுக்கு வண்டி உண்டா? அதச் சொல்லு மொதல்ல."

கேள்வி நியாயமானதுதான். பஸ் பாதி வழிவரைக்கும்தான் போகும், அதுவும் ஹர்த்தால் என்று கடையடைப்பும் மறியலும் இல்லாத நாளில். அதற்குமேல் நாலைந்து மைல் வண்டித்தடம். மாட்டு வண்டியில் அரை மைல் குலுங்கினாலே அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துவிடுவாள். ஸ்பிரிங் பட்டை வைத்த வண்டியில்தான் அவளால் போக முடியும். அப்படி ஒரு வண்டி எங்கள் உறவில் மாமாவிடம் மட்டுமே இருந்தது.

"எனக்க காரு இருக்கே, அத்தான்" என்றார் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா.

"உனக்க காரு வயித்தத் தரையில இழைச்சிட்டுல்லா போவும்" என்றார் அப்பா.

அதுவும் உண்மைதான். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, தடத்தின் நடுவில் மண்ணும் கல்லும் திட்டாக நிற்கும். காரின் அடிப்பாகம் அந்தத் திட்டில் இடிக்கும். ஆகவே காரை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அதோடு பழைய பின் அச்சு தேய்ந்துபோய் ஏற்றத்தில் முனகியது. மார்த்தாண்டத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த சின்ன லாரி ஒன்றின் பின் அச்சை மாமா கண்டு வைத்திருந்தார்.

"சேஸிய எனக்கிட்ட விடு" என்றார் அப்பா. "அச்சுன்னா அச்சுதானே? நா பொறந்து விழுந்ததே அச்சுக்க மேலயாக்கும்."

அத்தைக்காக என்று ஆரம்பித்தாலும், இரண்டாம் நாளே அது அவர்கள் இரண்டு பேருடைய காரியமாகிவிட்டது. பட்டறையில் வேலை பார்த்த இரண்டு ஆட்களும் சேர்ந்து காரின் மேல்கூட்டைக் கழற்றி, தென்னை மூட்டில் நாலு கல்லின்மேல் இறக்கி வைத்தார்கள். என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிச் சாக்கால் மூடினார்கள். மிச்சம் இருந்தது சேஸி, அதாவது இரண்டு நீள இரும்புச் சட்டமும் குறுக்கே நாலு கம்பியும். அவ்வளவு பெரிய கார் கடைசியில் ஒரு ஏணி மாதிரி கிடந்ததைப் பார்த்து எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மேலே இருந்த பகட்டெல்லாம் இந்த ஏணியின் தயவில்தானா என்று நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டேன்.

சாயங்காலங்களில் அத்தை அந்த மேல்கூட்டின் பின் சீட்டில் போய் உட்காருவாள். சக்கரம் இல்லை, என்ஜின் இல்லை. வெறும் கூடு. சீட்டின் தோல் வெடித்து உள்ளே இருந்த தேங்காய் நார் வெளியே தெரியும். மடியில் ஒரு ஸ்லேட்டை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன யோசிக்கிறாள் என்று வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இனிமேல்தான் விஷயம். கார் மெக்கானிக்குகள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது கேவலமாகப் பட்டது. வண்டிப் பட்டறை முறையே வேறு. அச்சு மாற்ற வேண்டுமானால் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அச்சை மேலிருந்து இறக்கி உட்காரவைத்து, நின்றுகொண்டே அறைவார்கள்.

"காரை ஆரெங்கிலும் கவுத்துவாவளா அத்தான்? கேட்டா சிரிப்பாவ" என்றார் மாமா.

"அடியில படுத்து மேல பாத்து அடிச்சா அடி எறங்குமா? மண்ணுதான் கண்ணுல விழும். கவுத்துங்கலே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த எட்டுப் பேர், வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தென்னையில் மாட்டிவிட்டு, அந்த இரும்பு ஏணியைக் கவிழ்த்துப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை லாரி அச்சு வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் வந்தது. இரண்டு பக்கமும் நீண்ட குழாய், நடுவில் பலாக்காய் அளவு ஒரு இரும்பு உருண்டை. அந்த உருண்டைக்குள் பல் சக்கரங்கள் இருக்கின்றன, என்ஜினின் சுற்றை அதுதான் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று மாமா சொன்னார். எனக்கு அதைப் பிளந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. உருண்டையின் மேல்புறத்தில் எண்ணெய் ஊற்ற ஒரு திருகு மூடி இருந்தது.

தரையில் எப்படிக் கிடந்ததோ அப்படியே, மூடி மேலே பார்த்தபடி, அச்சைத் தூக்கிக் கவிழ்ந்து கிடந்த சேஸியின்மேல் இறக்கினார்கள். அப்பா முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் அயினி மரக்கட்டை செதுக்கி வைத்தார். ஒரு சாண் உயரம் அப்படித்தான் கிடைத்தது. இரும்புப் பட்டா காய்ச்சி, அச்சு உட்காரும் புது இருக்கைகள் அடித்து, அச்சோடு சேர்த்து ரிவிட் அறைந்தார். வண்டி அச்சுக்கு மேல் கீழ் கிடையாது. எப்படிப் போட்டாலும் சக்கரம் சுற்றும். அப்பாவின் கை முப்பது வருஷமாக அந்த அச்சைத்தான் பழகியிருந்தது.

காரைப் பற்றித் தெரிந்த மாமா பக்கத்திலேயேதான் இருந்தார். ஆனால் அந்த நேரத்தில், மதராசோடு சேர்ந்தால் அரிசி கிடைக்குமா, சேராவிட்டால் கிடைக்குமா என்று இரண்டு பேரும் அச்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கை தன்பாட்டுக்கு போல்ட்டை முடுக்கியது, வாய் தன்பாட்டுக்கு எல்லையைப் பிரித்தது.

நான் கேட்டேன். "அப்பா, எண்ணெ மூடி இப்ப மேல இருக்கு. வண்டிய நேராக்கினா கீழ போயிருமே?"

"போய்ப் படி மக்கா" என்றார் அப்பா.

இதை எழுபது வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயசில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அதற்குப் பிறகு என் பேச்சை எத்தனையோ பேர் கேட்காமல் விட்டிருக்கிறார்கள், இவ்வளவு பலன் எதிலும் கிடைத்ததில்லை.

புதன்கிழமை தடை உத்தரவு வந்தது. ஐந்து பேருக்குமேல் எங்கும் கூடக் கூடாது. சனிக்கிழமை சேஸியை நேராக்க வேண்டும், எட்டுப் பேர் வேண்டும். அப்பா, மாமா, பட்டறை ஆட்கள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்று சரியாக ஐந்து பேர் நின்று முக்கினார்கள். சட்டம் முழங்கால் உயரத்துக்குமேல் எழவில்லை. அந்த நேரம் பார்த்து பீட் போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அஞ்சு பேரில் கூடுதல் பாடில்ல, கேட்டோ" என்றார், எண்ணிப் பார்த்துக்கொண்டே.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏட்டையா, பொம்பிளைய எண்ணத்தில சேருமா?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உத்தரவில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலும். "அது... பேரு எந்நு பறஞ்ஞால் எல்லாரும் பேருதானே" என்று இழுத்தார், ஆள் என்றால் எல்லோரும் ஆள்தானே என்கிற மாதிரி.

"அப்ப போலீசு?"

"போலீசு கூட்டத்தில் கூடில்ல."

"பின்ன வந்து ஒரு மூலையப் பிடிச்சுக் குடுங்க" என்றாள் அம்மா.

அந்த மனிதர் சைக்கிளைத் தென்னையில் சாய்த்து, தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு வந்து பிடித்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு மூலையைப் பிடித்தாள். அத்தையும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, தூணில் சாய்ந்து நின்று, சட்டத்தில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தாள். சேஸி புரண்டு தொம்மென்று நேராக நின்றது. போலீஸ் தொப்பிக்குள் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்து வாடை அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எண்ணெய் மூடி கீழே போயிருந்தது. மாமா குனிந்து பார்த்து, "லாரிக்கு இப்பிடித்தான் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு, அழுக்கு எண்ணெய் இறக்க அடியில் இருந்த துவாரம் இப்போது மேலே வந்திருந்ததால் அதன் வழியாகவே புது எண்ணெயை ஊற்றினார். நான் வாயைத் திறக்கவில்லை. போய்ப் படி என்று சொன்னார்கள், படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் என்ஜினும் மேல்கூடும் ஏறிவிட்டன. கார் முன்னைவிட உயரமாக, முட்டிக்குமேல் வேட்டி மடித்துக் கட்டிய ஆள் மாதிரி நின்றது. மாமா முன்னால் போய் ஹேண்டிலைச் சுழற்றினார். நாலாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. ஏறி உட்கார்ந்து, எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் கியரைப் போட்டார்.

கார் பின்னால் பாய்ந்தது. அம்மா பாயில் உலரப் போட்டிருந்த மரச்சீனிக் கிழங்குத் துண்டுகளின்மேல் ஏறி, கோழிக்கூட்டைத் தள்ளிவிட்டு, பலா மரத்தில் முதுகை முட்டி நின்றது. மாமாவின் முகம் எங்களைப் பார்த்தபடியே தூரப் போனது. இறங்கி வந்து கியர் கம்பியைப் பார்த்தார். மறுபடி ஏறி இரண்டாவது கியரைப் போட்டார். கார் இன்னும் வேகமாக மரத்தைத் தள்ளியது.

மாமாவும் அப்பாவும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"அச்ச கமத்திப் பூட்டிட்டீங்க அத்தான்! மாட்டு வண்டின்னு நெனச்சீங்களா?"

"நீ பக்கத்தில நிண்ணுட்டு என்னடே பாத்த? உனக்க வண்டியும் உனக்க கட்சி மாதிரிதான், பொறத்தோட்டுதான் போவும்!"

அச்சைத் திருப்பிப் போட வேண்டுமானால் ரிவிட்டுகளை வெட்ட வேண்டும், புது இருக்கைகள் காய்ச்சி அடிக்க வேண்டும். குறைந்தது மூன்று நாள். மறுநாள் திங்கட்கிழமை. அதிலும் அந்தத் திங்கட்கிழமைதான் ஹர்த்தால். காலை ஆறு மணிக்கு ஜங்ஷனில் வெட்டிய மரத்தடி ஒன்றை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, சர்க்கார் வேலைக்குப் போகிற ஒருவரையும் விடக் கூடாது என்று முடிவு செய்த கூட்டத்தில் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்கு, யார் யார் எங்கே நிற்பது என்று பிரித்துக் கொடுத்ததே அவர்தான். ஆறு மணிக்குமுன் கிளம்பிவிட்டால் கார் தப்பித்துவிடும், தானும் கண்டும் காணாததுமாக இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இப்போது கார் இல்லை.

அம்மா மரச்சீனியைப் பொறுக்கிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அப்பா பட்டறைத் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான் என்று நினைக்கிறேன்.

அவள் கட்டையை ஊன்றிக் காருக்குப் பக்கத்தில் போனாள். பின் சக்கரத்தைப் பார்த்தாள். மாமாவிடம் கேட்டாள். "அப்ப ரிவர்சு போட்டா எங்கோட்டு போவும்?"

மாமா ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் ஒரு முனகலோடு பலா மரத்தை விட்டுப் பிரிந்து, மெதுவாக, மிக மெதுவாக, எங்களை நோக்கி முன்னால் வந்தது.

"ஆளு நடக்க வேகந்தான் வரும்" என்றார் மாமா. "இந்த ஒரு கியருதான் முன்னால போவ உண்டு. எஞ்சின் கொதிச்சுப்போவும்."

"தண்ணி ஊத்தினா ஆறும்லா? எனக்கு இது போதும்" என்றாள் அத்தை. பிறகு அப்பாவைப் பார்க்காமலேயே சொன்னாள். "அண்ணா, நாளைக்கு நீங்க வராண்டாம். ஜங்ஷன்ல உங்களுக்குச் சோலி உண்டு."

அப்பா பட்டறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் விடிவதற்கு ரொம்ப முன்பே கிளம்பினோம். அத்தையின் தகரப்பெட்டி, ஒரு சாக்கு அரிசி, கீற்றுக் குடை, அத்தை, அவளைப் பிடித்துக்கொள்ள நான். மாமா கியரைப் போடும்போது, ஒரு கையில் அரிக்கன் விளக்கும் மறு கையில் தண்ணீர்க் குடமுமாக அப்பா வந்து காருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். மரத்தடி கொண்டுவந்து ரோட்டோரம் போட்டிருந்த ஜங்ஷனை அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் கடந்தார்.

நீங்கள் எத்தனையோ கார்களில் போயிருப்பீர்கள். அப்படி ஒரு பயணம் போயிருக்கமாட்டீர்கள். என்ஜின் ஊரையே எழுப்புகிற மாதிரி அலறும். கார் மட்டும் பிணம் கொண்டு போகிற வேகத்தில் நகரும். பால் கறக்கப் போன ஒரு பெண் எங்களைக் கடந்து போய், தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு மைலுக்கு ஒருமுறை முன்பக்கத்திலிருந்து ஆவி சீறும். அப்பா ஓடையிலோ கிணற்றிலோ தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவார். வெந்த இரும்பும் பாசித் தண்ணீரும் சேர்ந்த அந்த வாசனை வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

வெளுக்கும்போது வண்டித்தடம் ஆரம்பித்தது. நடுத்திட்டைப் பார்த்ததும் மாமா பிரேக்கை மிதித்தார். அப்பா விளக்கைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, காருக்கு அடியில் பார்த்தார்.

"வா. பைய வா. இன்னும் வா." பிறகு சின்னப் பையன் மாதிரி கத்தினார். "தட்டல்ல! நாலு வெரல் எடம் கெடக்கு மச்சான், தட்டல்ல!"

மாமா ஹாரன் உருண்டையை அமுக்கினார். அது யோசித்துவிட்டு ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருஷங்களில் அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடைசி ஏற்றத்தில் கார் ஒரு இடத்திலும் திணறவில்லை. வேறு எந்தக் கியரிலும் இந்த ஏற்றம் ஏறியிருக்காது, இவ்வளவு இழுவை ரிவர்ஸ் கியருக்குத்தான் உண்டு என்று மாமா சத்தியம் செய்தார். அப்பா அதைத் தன் பட்டறைக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூடத்தில் இறங்கினோம். ஓலைக்கூரை, அரைச்சுவர். அந்தப் பக்கத்தில் ஹர்த்தாலைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. பிள்ளைகள் காரைச் சுற்றி நின்று என்னையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். முடித்ததும் மை உலர ஊதினாள். எனக்கு என்னவென்று தெரியாமலேயே சந்தோஷமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு விதவை அம்மாள் அவளுக்கு அறை ஒழித்துக் கொடுத்திருந்தார். அப்பா பெட்டியை உள்ளே வைத்தார், கட்டிலை ஆட்டிப் பார்த்தார், ஜன்னல் கொண்டியை இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள அச்ச நேராக்கிருவேன். சனிக்கெழமை உச்சைக்கு வண்டி வந்து நிக்கும்" என்றார்.

"வராண்டாம் அண்ணா."

அப்பாவுக்குப் புரியவில்லை. "அடுத்த சனிக்கெழமையா பின்ன?"

"நா எழுதுதேன். எழுதும்போ வந்தாப் போதும்."

"உனக்க இடுப்பு..."

"எனக்க இடுப்பு எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. காரின் மட்கார்டில் கையை வைத்தாள். அது இன்னும் சுட்டிருக்க வேண்டும், ஆனால் எடுக்கவில்லை. "இது நல்ல வண்டி அண்ணா. எனக்கு ஒரு வழிக்கு ஒரு வண்டி வேண்டியிருந்து. வந்தாச்சு."

ஒரு மாசம் நாங்கள் இரும்பைக் கவிழ்த்து, கட்டை செதுக்கி, சண்டை போட்டுச் செய்ததெல்லாம் அவள் வாராவாரம் திரும்பி வருவதற்காக. அவளுக்கு வேண்டியிருந்தது போவதற்கு மட்டும்தான். ஒருவரும் கேட்கவில்லை என்பதால் அவளும் சொல்லவில்லை. அப்பா, "சரி" என்றார். அவர் அவளிடம் சரி என்று சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

திரும்பும்போது அப்பா பின் சீட்டில், அத்தை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்ற மாமாதான் இறங்கினார். எனக்குக் கேட்க நூறு கேள்விகள் இருந்தன.

ஜங்ஷனில் மரத்தடி குறுக்கே கிடந்தது. போலீஸ் சாப்பிடப் போயிருந்த நேரம். பத்துப் பதினைந்து பேர் நிழலில் நின்றார்கள், எல்லோரும் எங்கள் பட்டறைக்கு வந்து போகிறவர்கள். கார் ஊர்ந்து வந்து நிற்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, காலத்த ஆறு மணிக்கு எங்கள நிக்கச் சொல்லிட்டு நீரு எங்க போனீரு?" என்றார் ஒருவர்.

"தங்கச்சிய சர்க்கார் பள்ளியில சேத்துட்டு வாறாரு" என்றார் இன்னொருவர். "ஹர்த்தாலு நமக்கு மட்டுந்தானாக்கும்."

மாமா பேசுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அப்பா கதவைத் திறந்து இறங்கி, அவர்கள் நடுவில் போய் நின்றார். வேட்டியெல்லாம் கரியும் சேறும். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார்.

"நா செய்தது தப்புதான். தள்ளி வைக்கணும்னா வையுங்க" என்றார். "ரெண்டு வருசம் முன்ன அவளுக்கு ஒரு ஓர்டர் வந்து. அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம, வரமாட்டான்னு நானாக்கும் எழுதிப் போட்டேன். நீங்க இண்ணைக்கு ஒரு நாளு நிண்ணிய. நா எனக்க தங்கச்சிக்கு ரெண்டு வருசம் ஹர்த்தாலு வச்சிருந்தேன்."

முதலில் கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, கார் போக வழிவிடுவதற்காக மரத்தடியின் ஒரு முனையைப் பிடித்தார். அப்பா போய் மறு முனையைப் பிடித்தார்.